சுரைக்காய் தேய்ந்த குப்பி

இரட்டைக் கிணற்றுச் சந்து, பெய்ஜிங்
1984 அக்டோபர் 14

தாதோங் நகரில் வசிக்கும் மதிப்பிற்குரிய மியாவ் தெஷான் அவர்களுக்கு,

முன்பின் தெரியாத ஒருத்தியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே என்று திகைக்க வேண்டாம். என் பெயர் தோங் ரூயுன். ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வயது ஐம்பத்து மூன்று. உங்கள் வீட்டுப் பொருள் ஒன்று என்னிடம் இருக்கிறது. என் வீட்டுப் பொருள் உங்களிடம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அறுபத்தாறாம் வருஷம், கலாசாரப் புரட்சியின்போது, பழசையெல்லாம் ஒழிப்பதாகச் சொல்லிச் செங்காவலர்கள் வீடு வீடாக வந்து எடுத்துக்கொண்டு போனதையெல்லாம் இப்போது திருப்பிக் கொடுக்கிறார்கள் அல்லவா. போன மாதம் என்னையும் கூப்பிட்டார்கள். பெரிய கூடம், நீள நீளமான மேசைகள், அவற்றின் மேல் யார் யாருடையவோ கடிகாரம், விசிறி, கிண்ணம். பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நேரே ஒரே வரிதான் இருந்தது: 'பழைய வெள்ளை ஜேடுக்கல் மூக்குப்பொடிக் குப்பி, சுரைக்கொடியும் வௌவாலும் செதுக்கியது, பவள மூடி, ஒன்று.' அந்த வரிக்கு அச்சாகப் பொருந்துகிற ஒரு குப்பியை எடுத்து நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டு, கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. என் அப்பா இடதுகைக்காரர். சின்ன வயதில் அடித்து மிரட்டி, சாப்பிடுவதையும் எழுதுவதையும் வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். பொடிக்குப்பியை மட்டும் யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது. அது எந்நேரமும் அவருடைய இடது உள்ளங்கையில் இருக்கும். கட்டைவிரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கும். நாற்பது வருஷம் தடவியதில் இடப்பக்கத்துச் சுரைக்காய் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. வலப்பக்கத்து வௌவால் செதுக்கிய அன்று இருந்தபடியே கூராக நிற்கும். இப்போது என்னிடம் வந்திருப்பதில் சுரைக்காய் முழுசாக இருக்கிறது, வௌவாலின் இறக்கைதான் தேய்ந்திருக்கிறது. இது யாரோ வலதுகைக்காரர் வைத்திருந்தது.

மறுநாளே போய்ச் சொன்னேன். அந்தக் குமாஸ்தா ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதே விவரத்துல ரெண்டு வந்துச்சு, ரெண்டும் போயிடுச்சு. இன்னும் என்ன டீச்சர்?" என்றார். இன்னொன்று எண்பத்திரண்டில் உங்களுக்குப் போயிருக்கிறது. நான் நகராமல் நின்றதைப் பார்த்து உங்கள் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பெய்ஜிங்கில் யார் கல்லைச் செதுக்கக் கொடுத்தாலும் கேட்டது அதே வரம்தான். கொடி போல வம்சம் படர வேண்டும், சுரை விதை போலப் பிள்ளைகள் நிறைய வேண்டும், வௌவால் அதிர்ஷ்டத்தைக் கொண்டுவர வேண்டும். எங்கள் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வந்த அந்தச் சுரைக்காயை அப்படித் தடவியும் அப்பாவுக்கு வாய்த்தது நான் ஒருத்திதான். அதிர்ஷ்டத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தடவுகிறாரே என்று அம்மா கேலி செய்வாள். பொடி போட்டு ஊறின மூக்கு என்பதால் அவருக்குத் தும்மலும் வராது. அதற்கும் ஒரு கேலி உண்டு. "ஒரு தும்மல் வந்தா யாரோ நினைக்கிறாங்க, ரெண்டு வந்தா யாரோ திட்டறாங்க. உங்களை நினைக்கவும் ஆள் இல்ல, திட்டவும் ஆள் இல்ல" என்பாள்.

ஊர்க்கதை பேசிவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் குப்பி பத்திரமாக இருக்கிறது. நல்ல கைவேலை. உள்ளே அவ்வளவு மெல்லிசாகக் குடைந்திருக்கிறார்கள், எங்களுடையது போலவே தண்ணீரில் மிதக்கிறது. (வாளியில் விட்டுப் பார்த்தேன், கோபிக்க வேண்டாம்.) எங்களுடையதை எனக்கு அனுப்பினால் உங்களுடையதை அன்றே அனுப்பிவிடுவேன். எனக்கு அது மிகவும் வேண்டும்.

மரியாதையுடன்,
தோங் ரூயுன்

*

பெய்ஜிங்
1984 நவம்பர் 25

மியாவ் தெஷான் அவர்களுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. கடிதம் கிடைக்கவில்லையோ என்று தபால் அலுவலகத்தில் விசாரித்தேன். பட்டுவாடா ஆகிவிட்டதாம்.

என் வீட்டுக்காரர், "நம்ம ரெண்டு பேரும் பொடியே போடறதில்ல, எந்தக் குப்பியா இருந்தா என்ன?" என்கிறார். அவருக்கு அது ஒரு குப்பி. எனக்கு அப்படி இல்லை. உங்கள் குப்பியைத் தினமும் துடைத்து வைக்கிறேன். என்னுடையதற்கும் அங்கே அதே மரியாதை நடக்கிறது என்று நம்புகிறேன். ஒரு வரியாவது எழுதுங்கள்.

தோங் ரூயுன்

*

தாதோங், ரயில் பட்டறைக் குடியிருப்பு
1984 டிசம்பர் 9

மரியாதைக்குரிய தோங் டீச்சருக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதம் வந்த அன்று நான் பட்டறைக்கு மட்டம் போட்டேன். இருபத்தாறு வருஷமாகப் பற்றவைப்பு வேலை செய்கிறேன், அதுவரை ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை. பதில் எழுத உட்காருவேன், பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். என் எழுத்தும் நன்றாக இருக்காது, டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்களிடம் இருப்பது என் அப்பாவின் குப்பிதான். அவர் அறுபத்தொன்றிலேயே போய்விட்டார். அறுபத்தாறில், அம்மா அப்போது இருந்த பெய்ஜிங் வீட்டுக்குச் செங்காவலர்கள் வந்தபோது, அவள் பயந்துபோய், அவர்கள் கேட்பதற்கு முன்பே அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பிறகு எல்லா வசந்தவிழாவுக்கும், கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருக்கும்போதே, "உங்கப்பாவை நானே தூக்கிக் கொடுத்துட்டேன்டா" என்று அழுவாள். கண் பார்வை போன பிறகும் அதே அழுகைதான்.

எண்பத்திரண்டில் அம்மாவுக்கு இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் சொன்னார். அதே சமயம் குப்பியைத் திருப்பித் தருவதாகக் கடிதாசி வந்தது. ஓடிப்போய் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ரயிலில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். வௌவால் முழுசாக இருந்தது. எங்கள் அப்பா அந்த இறக்கையைத் தேய்த்துப் பாதியாக்கிவிட்டிருந்தார், எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, டீச்சர், இது எங்களுடையது இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. வீட்டுக்கு வந்து அதை அம்மா கையில் வைத்தேன். ஒன்பது நாள் அவள் அதைக் கீழே வைக்கவில்லை. பத்தாவது நாள் காலையில் மூடின கையோடு போய்விட்டாள். அப்பாவுடையதுதான் என்ற நினைப்போடு நிம்மதியாகப் போனாள்.

கையைப் பிரித்து எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அப்படியே புதைத்துவிட்டோம். உங்கள் அப்பாவின் குப்பி இந்த ஊர் மேட்டில், என் அம்மாவின் கையில் இருக்கிறது.

எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. எங்கள் குப்பியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

மியாவ் தெஷான்

*

பெய்ஜிங்
1984 டிசம்பர் 17

மியாவ் தெஷான் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இறந்தவர்களைப் பற்றிக் கடுஞ்சொல் எழுதக் கூடாது, எழுதவில்லை. உங்கள் அம்மா நிம்மதியாகப் போனது நல்லது.

ஆனால் நீங்கள் உயிரோடுதானே இருக்கிறீர்கள். தெரிந்தே இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். இந்த இரண்டு வருஷமும் அந்தக் கூடத்திலிருந்து எப்போது அழைப்பு வரும் என்று நான் வாசல் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் அம்மாவுக்கு அழத் தெரிந்தது. எனக்கு அதுவும் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பொருள் யாரோ ஒருவரின் சவப்பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவா நான் கால் கடுக்க நின்று உங்கள் முகவரியை வாங்கினேன்? உங்கள் குப்பி எனக்கு வேண்டாம். ஆனால் இப்போதைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் உண்மை அதுதான்.

தோங் ரூயுன்

*

தாதோங்
1985 ஜனவரி 6

தோங் டீச்சருக்கு,

நீங்கள் எழுதினது அத்தனையும் நியாயம். ஒரு வார்த்தைகூட அதிகம் இல்லை.

இத்துடன் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் ஊர் உலர்ந்த அல்லிமொட்டு. குப்பிக்கு ஈடாக அனுப்புகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், எதுவும் ஈடாகாது. குளிர்காலம், முட்டையோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் நன்றாக இருக்கும். தூக்கி எறிந்தாலும் பரவாயில்லை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் அப்பாவின் கல்லறை யூசியனில், எங்கள் சொந்த ஊரில் இருக்கிறது. அம்மா போனபோது பனி கொட்டி வழி அடைத்துவிட்டதால் இங்கேயே புதைத்தோம். மூன்று வருஷத்துக்குள் கொண்டுபோய் அப்பா பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். இந்த ஏப்ரலில், எல்லோரும் கல்லறைக்குப் போகிற ச்சிங்மிங் நாளில், நானும் என் தம்பிகளும் அதைச் செய்யப் போகிறோம். எப்படியும் மண்ணைத் தோண்டத்தான் வேண்டும். நீங்கள் சரி என்றால் அப்போது உங்கள் குப்பியை எடுத்துவிடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

மியாவ் தெஷான்

*

பெய்ஜிங்
1985 பிப்ரவரி 23, வசந்தவிழாவின் நான்காம் நாள்

தம்பி தெஷானுக்கு,

தம்பி என்று எழுதலாமா என்று யோசித்தேன். நான் நாலைந்து வயதாவது மூத்தவளாக இருப்பேன், அதனால் எழுதிவிட்டேன். புது வருஷம் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நல்லபடியாக அமையட்டும்.

அல்லிமொட்டை ஒரு மாதம் பிரிக்காமல் அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். கோபம்தான். விழாவுக்கு முந்தின நாள் என் வீட்டுக்காரர் கேட்காமலே பிரித்து ஊறப்போட்டுவிட்டார். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. மறுபடியும் ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டு உங்கள் கடிதங்களை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

'நானே தூக்கிக் கொடுத்துட்டேன்' என்று உங்கள் அம்மா அழுதாளே, அந்த இடம் என்னை விடவில்லை. போன கடிதத்தில் உங்கள் மேல் அவ்வளவு எரிந்து விழுந்ததற்குக் காரணமும் அதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை, என் வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. முகம் பார்க்காதவர் என்பதால் உங்களிடம் எழுத முடிகிறது.

அறுபத்தாறு ஆகஸ்டில் எங்கள் வீட்டுக்கு ஆறு பேர் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாக வந்தவள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண், பதினாறு வயது இருக்கும். அப்பா முந்தின நாளே குப்பியைச் சோளமாவு ஜாடிக்குள் புதைத்து வைத்திருந்தார். எல்லா இடத்திலும் தேடினார்கள், கிடைக்கவில்லை. கிளம்பப் போனார்கள் என்றுகூடச் சொல்லலாம். அப்போது அந்தப் பெண் என்னிடம் வந்து, "டீச்சர், பொய் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?" என்று கேட்டாள். அடிக்கவில்லை, மிரட்டவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்ற பயம். முகவாயால் ஜாடியைக் காட்டினேன்.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தானே எழுந்து போய் இடது கையை மாவுக்குள் விட்டு எடுத்தார். ஒட்டின மாவைச் சட்டையில் துடைத்தார். வீட்டுக்கு வந்தவர்களுக்குப் பொடி கொடுக்கும்போது மூடியைச் சற்றே தளர்த்தி நீட்டுவதுதானே மரியாதை. பழக்கதோஷம், அப்படியே தளர்த்தி அந்தப் பெண்ணிடம் நீட்டினார். அவள் மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள், ஒரு தும்மல் போட்டாள். அப்பா சொன்னார்: "ஒண்ணு. யாரோ உன்னை நினைக்கிறாங்க. உங்கம்மாவாத்தான் இருக்கும், வீட்டுக்குப் போம்மா."

அவர் அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தார். முற்றத்தில் உட்கார்ந்திருப்பார். இடது கையில் ஒன்றும் இருக்காது. ஆனால் கட்டைவிரல் மட்டும் ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டே இருக்கும். நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் ஆறு வருஷமும் சமைத்தேன், துவைத்தேன், பாடம் திருத்தினேன். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன், அழுதிருப்பேன், எல்லாம் ஆகி முடிந்திருக்கும். "ரூயுன், கஞ்சி நல்லா இருக்கு" என்பார். அவ்வளவுதான். எழுபத்திரண்டில் போய்விட்டார்.

குப்பி கிடைத்ததும் அவர் சாம்பல் இருக்கிற பெட்டி முன்னால் வைத்து, அப்பா, கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அதற்காகத்தான் கேட்டேன்.

இப்போது நன்றாக யோசித்துவிட்டேன், தம்பி. ஒருமுறை ஒருவர் கையிலிருந்து அதைப் பிடுங்கிக் கொடுத்தவள் நான். இன்னொரு தடவை, அதுவும் உங்கள் அம்மாவின் கையிலிருந்து, பிடுங்க என்னால் முடியாது. அதை எடுக்க வேண்டாம். என் அப்பாவின் விரல் பட்ட கல் கடைசியில் ஓர் அம்மாளுக்கு ஒன்பது நாள் ஆறுதலாக இருந்ததே, அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். சொல்கிறேன்.

உங்கள் அப்பாவின் குப்பியைப் பஞ்சு வைத்துத் தைத்து இத்துடன் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முன்பே அனுப்பியிருக்க வேண்டும். வௌவாலின் இறக்கையைப் பாருங்கள், அது அவர்தான்.

அன்புடன்,
அக்கா ரூயுன்

*

தாதோங்
1985 ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நன்றி. பார்சலைப் பிரித்ததும் வௌவாலைத் தொட்டுப் பார்த்தேன். ஐம்பது வயசு ஆகப் போகிறது, என் பெண் முன்னால் அழுதேன். அப்பாவின் விரல் எவ்வளவு பெரியது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்ததாக, நீங்கள் வேண்டாம் என்று சொன்னதை நான் செய்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

டிசம்பரில் எழுதின கடிதத்தில் ஒரு பொய் எழுதியிருந்தேன். அப்பாவுடையது என்ற நினைப்போடு அம்மா போனாள் என்று எழுதினேன் அல்லவா, அது பொய். குப்பியை அவள் கையில் வைத்த அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கண் தெரியாதவள், விரலால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "தெஷான், இது உங்கப்பாவோடது இல்லடா" என்றாள். "அவர் வௌவாலைத் தேய்ச்சார். இந்த மனுஷன் சுரைக்காயைத் தேய்ச்சிருக்கார். இடதுகைக்காரர். பிள்ளைங்க மேல உசுரா இருந்திருப்பார்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். அக்கா, ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். "இருக்கட்டும். யாரோ பெரிய மனுஷர் வீட்டுக்கு வந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. உங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, கோபிச்சுக்குவார்" என்றாள். அந்த ஒன்பது நாளும் அவள் அழவில்லை. என் குப்பியும் இப்படித்தான் யாராவது கையில் பத்திரமா இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அது உண்மையாகவே உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

போவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டு, "நான் போனதும் இதைக் கொடுத்துடு. அந்த வீட்டுல யாரோ தேடிட்டு இருப்பாங்க" என்றாள். சரி என்று தலையாட்டினேன். மறுநாள் மூடின கையைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. அம்மா கடைசியாகச் சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளை நான். அதை உங்களுக்கு எழுத வெட்கப்பட்டுத்தான் அவளுக்குத் தெரியாது என்று எழுதினேன். மூடியைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்துத்தான் அவளோடு அனுப்பினேன். பொடியில் ஈரம் இறங்கக் கூடாது என்று அப்போது ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஒருநாள் கேட்டு வருவீர்கள் என்று உள்ளுக்குள் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா பக்கத்தில் அம்மாவைப் படுக்கவைக்கப் போகிறோம், அவள் கையிலோ வேறொருவர் குப்பி. என் தம்பி, "அண்ணே, அப்பாவுக்கு என்ன பதில் சொல்றது?" என்று கேட்டுவிட்டான். மூன்று பேரும் மண்வெட்டியோடு நின்றபடி சிரித்துவிட்டோம். கல்லறையில் சிரித்ததற்கு அப்புறம் மூன்று தடவை விழுந்து கும்பிட்டோம்.

உங்கள் குப்பி அம்மாவின் கை இருந்த இடத்தில் இருந்தது. எதையும் பிடுங்கவில்லை, அக்கா. அவள் விட்டுவிட்டிருந்தாள். அப்பாவின் குப்பியை அதே இடத்தில் வைத்தேன். இப்போது யூசியனில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

உங்களுடையதைத் தபாலில் அனுப்பப் பயமாக இருந்தது. பெய்ஜிங் ரயிலில் வேலை பார்க்கும் ஒரு தோழர் வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் கொண்டுவந்து கொடுப்பார். மெழுகை நான் தொடவில்லை.

என் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தீர்கள். பெற்றவள் சொன்னதைச் செய்யாமலே நான் கிழவனாகியிருப்பேன். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் தம்பி,
தெஷான்

*

பெய்ஜிங்
1985 ஏப்ரல் 15

அன்புத் தம்பி தெஷானுக்கு,

உங்கள் தோழர் நேற்றுக் காலை வந்தார். தேநீர்கூடக் குடிக்காமல் ஓடப் பார்த்தார், விடவில்லை. எள் ரொட்டியும் கட்டிக் கொடுத்தேன், அதில் பாதி உங்களுக்கு. அவர் வழியில் தின்றுவிட்டாரா என்று எழுதுங்கள்.

வேண்டாம் என்று சொன்னதைச் செய்ததற்குத் திட்டலாம் என்றுதான் இருந்தேன். உங்கள் அம்மா சொன்ன வேலையைச் செய்திருக்கிறீர்கள், அதற்கு மேல் நான் யார்? அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் அப்பாவை ஒரு விரல் தடவலில் அடையாளம் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். பிள்ளைகள் மேல் உயிராக இருந்திருப்பார் என்று சொன்னாளாமே, அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அடுத்த முறை யூசியன் போகும்போது என் பெயரைச் சொல்லி அவளுக்கு ஒரு கோப்பை மது ஊற்றுங்கள்.

குடும்பத்தோடு பெய்ஜிங்குக்கு வாருங்கள். கோடை விடுமுறையில் எனக்குப் பள்ளி இல்லை. குப்பியின் அடியில் இன்னும் கொஞ்சம் பொடி இருக்கிறது. மூடியைத் தளர்த்தி உங்களுக்கு நீட்டுவேன், முறைப்படி.

இனி நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும்.

உங்கள் தோழர் போன பிறகு முற்றத்தில், அப்பா உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தேன். குப்பியை வலது கையில்தான் எடுத்தேன். விரல் எங்கே வைத்தாலும் வௌவாலின் இறக்கை குத்தியது. பிறகு இடது கைக்கு மாற்றினேன். மாற்றினதுதான் தெரியும், கட்டைவிரல் தானாகப் போய் அந்த வழுவழுப்பில் உட்கார்ந்துவிட்டது. இடது கையால் ஒரு கரண்டி பிடிக்கக்கூட எனக்கு வராது. அந்த இடம் மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது. எவ்வளவு நேரம் தடவிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை.

அப்புறம் கொண்டை ஊசியால் மெழுகைச் சுரண்டி மூடியைத் திறந்தேன். மல்லிகை வாசனை, அதற்கடியில் புகையிலைக் காரம், அப்படியே அப்பாவின் சட்டை. மூடியோடு இருக்கிற சின்னக் கரண்டியால் அடியைச் சுரண்டி, அவர் செய்கிற மாதிரி நகத்தில் வைத்து இழுத்தேன்.

தும்மினேன். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "ஒண்ணு, உன்னை யாரோ நினைக்கிறாங்க" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கண் கரித்தது. போதும் என்று மூடப் போனேன். அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி.

"ரெண்டு" என்றார் அவர். "யாரோ திட்டறாங்க."

தம்பி, நான் அந்த முற்றத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் பதறிப்போய் ஓடிவந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜாடி, முகவாய், அந்தப் பெண், எல்லாவற்றையும். அழுதுகொண்டே சிரித்தேன் என்று அவர் சொல்கிறார், எனக்கு நினைவில்லை.

பதினெட்டு வருஷமும் எட்டு மாதமும் ஆகிவிட்டது. அப்பா என்னைத் திட்டிவிட்டார். உங்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் என் நன்றி.

உங்கள் அக்கா,
ரூயுன்